உவர்க்காற்றும் உருக்குத் தகடும்

புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையிலே பெயர்பெற்ற விளைச்சல்கள் இரண்டு. ஒன்று தென்னை, மற்றொன்று உப்பு. தெற்கே வென்னப்புவ, மாரவில என்னும் ஊர்களிலே தொடங்கி, சிலாபம், உடப்பு, முந்தல் ஆகியவற்றைக் கடந்து, வடக்கே கற்பிட்டித் தீபகற்பம் வரை இக்கரை நீண்டு கிடக்கின்றது. அதன் வட பாகத்திலே மேற்கே கடலும் கிழக்கே களப்பும் நிலத்தை இடையில் வைத்து நெருக்குகின்றன. ஆங்கு வெயிலும் காற்றும் ஒருங்கு கூடி உவர்நீரை வற்றச்செய்து உப்பாக்கித் தருகின்றன. கண்டி இராச்சியத்துக்கு உப்புச் சென்ற வழிகளுள் புத்தளமும் ஒன்று. அவ்வழியைத் தம் கைக்குள் வைத்திருக்க விரும்பிய ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டிலே கற்பிட்டியிற் கோட்டை எழுப்பத் தொடங்கினர். பின்வந்த ஆங்கிலேயர் உப்பை அரசின் தனியுரிமையாக்கி வருவாய் தேடினர். இங்ஙனம் மாந்தர்க்குச் சுவையையும் அரசுகளுக்குப் பொருளையும் ஈந்த அவ்வுப்பே இரும்புக்கு ஓயாப் பகையாய் நின்றது.

அப்பகையை இக்கடலிலே தொழில் செய்தோர் நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தனர். 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து கப்பலேறிய மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இபின் பதூதா இலங்கையை அடைந்தார். அவர் இறங்கிய ‘பத்தாலா’ என்னும் ஊர் புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. தென்னை நாரினால் முறுக்கிய கயிற்றைக்கொண்டு பலகைகளைத் தைத்துக் கப்பல் அமைக்கும் வழக்கத்தை அவர் தமது பயண வரலாற்றிலே குறித்திருக்கின்றார். இரும்பாணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துபோகும். கயிற்றால் தைத்த கப்பலோ நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும் என்பது அவர் கூறும் காரணம். தைத்த கப்பலுக்கு வேறொரு நன்மையும் உண்டு. பலகை ஒன்று உளுத்துப்போனால் தையலைப் பிரித்து அப்பலகையை மட்டும் நீக்கிப் புதிது வைத்து மீண்டும் தைத்துவிடலாம். பழுது பார்த்தல், மாற்றுதல் என்னும் இரண்டும் அங்கே ஒரே தொழிலின் இரு கைகளாய் இருந்தன.

இருபதாம் நூற்றாண்டிலே உருக்குத் தகட்டினால் ஆன மோட்டார் வண்டி இக்கரைக்கு வந்து சேர்ந்தபோது அவ்விரண்டும் வெவ்வேறு வழிகளாகப் பிரிந்தன. துருப்பிடித்த தகட்டைச் செப்பனிட்டுக் காப்பதா, அன்றி அதனை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய தகட்டைப் பொருத்துவதா என்னும் கேள்வி அன்று பிறந்தது. பழைய வண்டிகளைப் போற்றுவோர் உலகெங்கணும் இன்றளவும் இதனை விவாதித்து வருகின்றனர். எனினும், புத்தளம் போன்ற உப்புக் கரையிலே இது வெறும் விருப்பு வெறுப்பைப் பொறுத்த விவாதமன்று. வண்டி ஓடுமா ஓடாதா, அதில் ஏறியவர் பத்திரமாய் வீடு சேர்வாரா மாட்டாரா என்பன அதனோடு பிணைந்தவை.

புகையிரதப் பாதை 1916ஆம் ஆண்டிலே சிலாபத்தையும் 1926ஆம் ஆண்டிலே புத்தளத்தையும் அடைந்தது. அதற்குப் பக்கத்திலேயே கொழும்பிலிருந்து கடலோரமாக வரும் பெருந்தெருவிலே மோட்டார் வண்டிகளும் பெருகலாயின. தென்னந்தோட்ட உரிமையாளர், கொப்பறா வணிகர், வைத்தியர், அரசாங்க உத்தியோகத்தர் ஆகியோர் வண்டி வைத்திருந்தோருள் முதன்மையானவர். இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தடித்த உருக்குச் சட்டம் ஒன்று அடித்தளமாய் இருந்தது. இயந்திரமும் சில்லுகளும் அச்சட்டத்திலேயே பூட்டப்பட்டன. மேலே அமைந்த உடல், வீட்டின் மேல் வேய்ந்த கூரை போன்றதே. கூரை இற்றாலும் சுவர் நிற்குமன்றோ? அவ்வாறே உடல் துருவினால் அரிக்கப்பட்டாலும் வண்டி நின்றது, ஓடியது.

போரின் பின்னர் இந்நிலை மாறிற்று. 1948ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியிலே மொறிஸ் மைனர் என்னும் சிறு வண்டி அறிமுகமாயிற்று. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். அவ்வண்டிக்குத் தனிச் சட்டம் கிடையாது. மெல்லிய உருக்குத் தகடுகளை மடித்துப் பெட்டிகளாக்கி, அப்பெட்டிகளை ஒன்றோடொன்று பற்றவைத்து, உடலே எலும்புக்கூடாகவும் அமையுமாறு அவர் செய்தார். எடை குறைந்தது; விலையும் குறைந்தது. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையைத் தாண்டிய முதற் பிரித்தானிய மோட்டார் வண்டி என்னும் பெயரை அது பெற்றது. 1971ஆம் ஆண்டிலே அதன் உற்பத்தி ஓய்ந்தது. ஆயின் இலங்கையிலே அதன் வாழ்வு ஓயவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டிலும் தெருக்களில் ஓடக் காணும் அளவுக்கு அது இந்நாட்டவரின் அன்பைப் பெற்ற வண்டியாகும்.

இவ்வண்டியின் பிறப்பிலேயே செப்பனிடும் கதை ஒன்று அடங்கியிருக்கின்றது. மாதிரி வண்டி ஆயத்தமானபின் அதன் அகலம் போதாது என்று இசிகோனிசுக்குத் தோன்றியது. உடனே வண்டியை நீளவாட்டில் இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குல இடைவெளியிலே அதன் உருவம் அவர் கண்ணுக்கு நிறைவளித்தது. பொனட் தகட்டின் நடுவே ஓடும் பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. முட்டுத்தாங்கிகள் முன்னரே பழைய அகலத்துக்குச் செய்யப்பட்டுவிட்டமையால், தொடக்க கால வண்டிகளில் அவற்றையும் நடுவே வெட்டி இடையிலே துண்டு வைத்து இணைத்தனர். ஆக, ‘அசல்’ என்று இன்று போற்றப்படும் வண்டியே வெட்டியும் ஒட்டியும் உருவானதாகும். ஒட்டுப் போட்டது இழிவு என்று கருதுவோர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இனி, உப்பு இரும்பை உண்ணும் முறை நோக்கத்தக்கது. இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடினால் துரு உண்டாகும். தூய நீரிலே இச்செயல் மெல்ல நிகழும். நீரில் உப்புக் கரைந்திருப்பின் மின்னோட்டம் அதனூடே எளிதிற் பாயும். தகட்டின் ஒரு புள்ளி கரையவும் மற்றொரு புள்ளி ஒட்சிசனை ஏற்கவும் வழி பிறக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு, இரும்பின் மேற்பரப்பிலே இயல்பாகப் படியும் காப்புப் படலத்தையும் துளைத்துவிடுகின்றது. உண்டான துரு, தான் தோன்றிய இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலின், இரு தகடுகள் பொருந்திய இடுக்கிலே துரு புகுந்தால் ஆப்பு இறுக்கியது போல அவற்றை அது பிளக்கும்.

கடலுப்பின் இயல்பு ஒன்று இங்கே சிறப்பாகக் கருதத்தக்கது. சமையலுக்கு உதவும் சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவிற்கு ஏறும்போது தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல்நீரிலே கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டோ நூற்றுக்கு 33 அளவான ஈரப்பதனிலேயே கசிந்துவிடும். உப்பளத் தொழிலாளர் இதனைத் தம் அனுபவத்தால் நன்கறிவர். உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரை அவர்கள் வடித்து அகற்றுவதற்குக் காரணம் இதுவே; அது கலந்த உப்புக் குவியல் ஒருபோதும் உலராது. வண்டியின் மட்கார்ட்டுக்கு உட்புறத்திலே சேறோடு சேர்ந்து படியும் கடற்சிதறலிலிருந்து அக்கசப்பை வடிப்பார் எவருமிலர். கற்பிட்டியிலே நண்பகல் வெயில் எவ்வளவு கடுமையாய் எரிப்பினும், அவ்விடுக்கு மட்டும் ஈரமாகவே இருக்கும். மழை குறைந்த வறண்ட நாட்டிலே துரு ஏன் இத்துணை வேகமாய்ப் பரவுகின்றது என்னும் வியப்புக்கு விடை இதுதான். மழை மிகுந்த இடத்திலாவது நன்னீர் வந்து உப்பைக் கழுவும். புத்தளத்திலோ காற்று உப்பைக் கொணரும், கழுவ மழை வாராது. மே மாதந் தொட்டுச் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றின் வலிமையை அறிய, மாம்புரியிலும் அதனை அடுத்த ஊர்களிலும் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளே சான்று.

இத்தகைய கரையிலே உடலே எலும்பாய் அமைந்த வண்டி வந்து ஓடியது. மொறிஸ் மைனரின் முன்புற மட்கார்ட் மறையாணிகளால் பூட்டப்பட்டது. அது இற்றுப்போனால் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். தைத்த கப்பலின் பலகையைப் போன்றது அது. கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டிச் சட்டமோ அத்தன்மையதன்று. பல தகடுகளை அடுக்கி அமைந்த அப்பெட்டியே வண்டியின் நடுவுடலைத் தாங்குகின்றது. அதனோடு சேரும் குறுக்குச் சட்டம் முன்சில்லுகளின் முறுக்குக் கம்பிகளைப் பற்றி நிற்கின்றது. பின்புறத்திலே வில்லுப்பட்டைகள் தொங்கும் கொளுவிகளும் உடலோடேயே ஒட்டப்பட்டவை. புறத்தே பளபளக்கும் பட்டை ஒன்று பெட்டியை மறைத்திருப்பதால், உள்ளே முழுதும் உதிர்ந்த பின்னரும் வெளியே எழில் குன்றாதிருக்கும். வண்டியை உயர்த்த முட்டுக் கொடுத்தபோது வண்டி உயராமல் முட்டு மட்டும் உள்ளே புகுவதே பலர் கண்ட முதல் எச்சரிக்கையாகும்.

இவற்றோடு ஒப்பிடத்தக்கது லான்ட் ரோவர். அதுவும் 1948ஆம் ஆண்டிலே பிறந்ததே. போரின் பின் உருக்குக்குப் பஞ்சம் ஏற்பட்டிருந்தமையால், அதன் உடலை அலுமினியக் கலப்புத் தகட்டினால் செய்து உருக்குச் சட்டத்தின் மேல் அமர்த்தினர். அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பொதுவான எண்ணம். உண்மைதான், ஆயினும் அலுமினியமும் உருக்கும் தொட்டு நிற்கும் இடத்திலே உப்புநீர் பட்டால், இரண்டும் சேர்ந்து சிறு மின்கலம் போல் இயங்கும். அப்போது அலுமினியம் வெண்பொடியாய் உதிரும். உப்புக் கரையிலே முழுமையான தப்பிப்பிழைப்பு எந்த உலோகத்துக்கும் இல்லை.

செப்பனிடுவதா மாற்றுவதா என்னும் கேள்விக்கு இலங்கையர் அளித்த விடையை வரலாறே பெரிதும் வகுத்தது. 1950ஆம் ஆண்டை அடுத்து, கொரியப் போரின் காரணமாக இறப்பரின் விலை உயர்ந்து, நாட்டின் வருவாய் பெருகியிருந்தது. அவ்வளம் நெடுநாள் நிலைக்கவில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்புக் கரைந்தது. 1960களின் தொடக்கத்திலே அரசாங்கம் இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு விதித்தது. மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருளாய்க் கருதப்பட்டது. 1977ஆம் ஆண்டிலே பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, ஏறத்தாழ ஒன்றரைப் பதிற்றாண்டு காலம், முன்னரே வந்திறங்கிய வண்டிகளே நாட்டின் தேவையைச் சுமந்தன. புதிய வண்டி இல்லை. அதன் உறுப்புகளும் அரிது. ஆதலின் உள்ள தகட்டைக் காப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை.

அவ்வழியிலே வளர்ந்ததுதான், இலங்கையிலே ‘டிங்கரிங்’ என்று வழங்கும் தகட்டு வேலை. அதன் கருவிகள் எளியவை: பலவகைச் சுத்தியல்கள், தகட்டின் பின்னே பிடிக்கும் இரும்புக் கட்டை, தகடு வெட்டும் கத்தரி, வாயுவிளக்கு. ஒட்சிசனையும் அசற்றிலினையும் கலந்து எரிக்கும் அவ்விளக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரான்சு தேசத்தில் உருவாயிற்று. தொழிலாளி முதலிலே துருவேறிய பகுதியைச் சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்பான். நல்ல தகடு கணீரென்னும்; இற்ற தகடு மந்தமாய் ஒலிக்கும். கண்ணுக்குத் துளை ஒரு காசளவே தெரியினும், செவி கூறும் எல்லை உள்ளங்கை அளவாய் இருத்தல் கூடும். அந்த எல்லைக்கும் அப்பால் உறுதியான உலோகம் கிடைக்கும் வரை வெட்டியெடுத்து, அவ்வடிவிலேயே புதுத் தகட்டை அடித்து வளைத்துப் பொருத்துதல் நல்ல தொழிலாளியின் முறை.

ஒட்டும் விதத்திலும் இருவகை உண்டு. பழைய தகட்டின் மேல் புதிய தகட்டைப் படியவைத்து ஓரத்தைப் பற்றவைத்தல் எளிது, நேரமும் மிச்சம். ஆயின் இரு தகடுகளுக்கும் இடையே மெல்லிய இடுக்கொன்று எஞ்சுகின்றது. உவர்நீர் அதனுள்ளே ஊர்ந்து புகுந்தால் மீண்டும் வெளிவாராது. மேலொட்டு வெளியே அழகாய்த் தோன்றும்போதே உள்ளே பிளவு தொடங்கிவிடும். விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டுதலே உப்புக் கரைக்கு ஏற்றது. அதுவோ கடினம். ஒரு மில்லிமீற்றர் அளவேயான தகட்டிலே வெப்பம் சிறிது மிகுந்தாலும் தகடு அலையலையாய் நெளியும். சிறிது சிறிதாய் ஒட்டி, ஆறவிட்டு, தட்டி நேர்செய்து, மீண்டும் ஒட்டவேண்டும். ஒரு முழ நீளத்துக்கு ஒரு நாள் செல்லுதலும் உண்டு. மேலும், நாகமுலாம் பூசிய தகட்டை ஒட்டுக்குப் பயன்படுத்துவோர் இரண்டு உண்மைகளை மறத்தலாகாது. பற்றவைக்கும் இடத்திலே நாகம் எரிந்து காப்பு நீங்கிவிடும். அப்புகையைச் சுவாசித்தோர்க்குக் காய்ச்சல் காணும்.

ஒட்டின் மேடு பள்ளத்தை நிரவுவதற்கு முற்காலத்திலே ஈயக் கலவையை உருக்கித் தடவினர். 1950களின் நடுவிலே பொலியெஸ்ரர்ப் புட்டி அமெரிக்காவிலே தோன்றிப் பின் எங்கும் பரவியது. அது மலிவானது, விரைவில் இறுகுவது, இழைத்தால் வழவழப்பாவது. இந்த எளிமையே தீங்குக்கும் காரணமாயிற்று. பள்ளத்தை நிரவப் பிறந்த புட்டியைக் கொண்டு துளையை அடைக்கும் வழக்கம் புகுந்தது. பத்திரிகைத் தாளையும் கம்பி வலையையும் உள்ளே அடைத்து, மேலே புட்டி பூசி, வர்ணம் தீட்டிவிட்டால் வாங்குவோர் கண்ணை மயக்கலாம். ஆனால் புட்டி பாரம் தாங்காது. உள்ளே தொடரும் துருவையும் நிறுத்தாது. செப்பனிடுதல் என்னும் நற்பெயருக்கு வந்த களங்கத்திற் பெரும்பகுதி இப்பூச்சு வேலையால் வந்ததேயாகும். மறைத்தல் வேறு, திருத்துதல் வேறு.

இங்கிலாந்திலே நிலைமை இதற்கு நேர்மாறாய் இருந்தது. ஆங்கே தொழிலாளியின் ஒரு நாள் கூலி உயர்வு. ஆலையில் அச்சழுத்திய தகட்டின் விலையோ ஒப்புநோக்கக் குறைவு. ஆதலின் ஒட்டுப் போட்டுக் காலங்கழிப்பதினும் முழுத் தகட்டையும் மாற்றிவிடுதலே சிக்கனமாயிற்று. 1988ஆம் ஆண்டிலே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்னும் நிறுவனம், உற்பத்தி நின்றுபோன எம்.ஜி.பி. வண்டியின் முழு உடலையே பழைய அச்சுகளைக் கொண்டு மீண்டும் செய்து விற்கத் தொடங்கியது. இலங்கையிலே தகடு அரிது, கை மலிவு. இங்கிலாந்திலே கை அரிது, தகடு மலிவு. எது சிறந்தது என்று இரு நாட்டவரும் வாதிட்டதாகத் தோன்றினும், ஒவ்வொருவரும் தமக்கு எளிதிற் கிடைத்ததையே சிறந்ததென்று கொண்டனர் எனலாம்.

இவ்விரு வழக்கங்களும் ஓரிடத்திலே சந்தித்தமை சுவையான செய்தியாகும். இங்கிலாந்தின் பாத் நகரிலே 1976ஆம் ஆண்டில் மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றை நிறுவியவர் சார்ள்ஸ் வெயர். ஒரு வண்டியை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றாமல், உறுப்புகளைப் புதுப்பித்து வாழ்நாள் முழுதும் வைத்திருத்தலே சிக்கனம் என்னும் கருத்தை அவர் 1982ஆம் ஆண்டிலே நூலாகவும் வெளியிட்டார். வண்டி பழுதுறுதல் வீடு பழுதுறுதல் போன்றது. வீட்டை எவரும் பழுதுக்காக எறிவதில்லை என்பது அவர் கொள்கை. பின்னர் 1990களிலே தனபால சமரசேகர என்னும் இலங்கையரோடு கூடி, மொறிஸ் மைனருக்குரிய தகடுகளை இலங்கையிலேயே செய்யும் தொழிலகம் ஒன்றை அவர் ஏற்படுத்தினார். அங்கே செய்யப்பட்ட உறுப்புகள் பிரித்தானியாவுக்கும் ஏற்றுமதியாயின. எந்த நாடு புதுத் தகடு வாங்க வழியின்றி ஒட்டுப் போடக் கற்றதோ, அந்நாட்டின் கைகளே வண்டி பிறந்த நாட்டுக்குப் புதுத் தகடு செய்து அனுப்பின. பழுது பார்க்கும் தொழிலை நன்கறிந்தவனே புதிது செய்யவும் வல்லவனாவான் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

தகடுகளை ஒவ்வொன்றாய் மாற்றிக்கொண்டே சென்றால் இறுதியிலே எஞ்சுவது பழைய வண்டிதானா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. கிரேக்க வீரன் தீசியசின் கப்பலைப் பற்றிப் புளூட்டாக் என்னும் ஆசிரியர் குறித்த வினாவும் இதுவே. அதென்சு நகரத்தார் உளுத்த பலகைகளை அகற்றி அகற்றிப் புதியவை வைத்தமையால், அது அதே கப்பல்தான் என்று ஒரு சாராரும், அன்று என்று மறு சாராரும் வாதிட்டனராம். இருபதாம் நூற்றாண்டிலே இவ்வினா நீதிமன்றத்திலும் ஏறிற்று. 1929ஆம், 1930ஆம் ஆண்டுகளில் பிரான்சு தேசத்து லெமான் ஓட்டப் பந்தயத்திலே வெற்றி பெற்ற பென்ட்லி வண்டி ஒன்று ‘முதியது, முதலாவது’ என்னும் பொருள்படும் பெயரால் புகழ்பெற்றது. ஒரு கோடி பவுணுக்கு அதனை விலைபேசியவர், வெற்றி பெற்ற வண்டியின் உறுப்புகள் அதிலே மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்று கூறிப் பின்வாங்கினர். 1990ஆம் ஆண்டிலே இலண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஒட்டன் அளித்த தீர்ப்பு விற்பவர் பக்கம் சாய்ந்தது. உறுப்புகள் பல முறை மாறியிருப்பினும், வண்டி எக்காலத்திலும் முற்றாக அழிந்து வேறொன்று அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. அதன் வரலாறு அறுபடாது தொடர்ந்து வந்துள்ளது. ஆகவே அதுவே அவ்வண்டி என்று கொள்ளப்பட்டது.

தமிழர்க்கு இக்கருத்துப் புதிதன்று. சிலாபத்தை அடுத்துள்ள முன்னேசுவரம் திருக்கோயில் பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கனின் ஆதரவிலே 1753ஆம் ஆண்டில் அது மீண்டும் எழுந்தது. கல் புதிது, கோயில் பழையது என்பதில் அடியார் எவருக்கும் ஐயமில்லை. சிதைந்த கோயிலைப் புதுப்பிக்கும் முறையை ஆகமங்கள் சீர்ணோத்தாரணம் என்று வகுத்துள்ளன. திருப்பணி நடக்கும் காலத்திலே மூர்த்தியின் ஆற்றலைப் பாலாலயத்துக்கு மாற்றி வைத்து, வேலை முடிந்தபின் மீண்டும் நிலைநிறுத்துவர். இடையறாத தொடர்ச்சியே அங்கே உயிர்நாடி. எதை மாற்றினோம் என்பதை ஊரறியச் செய்தலும் அம்மரபின் பகுதியே. மறைவாய்ச் செய்யும் திருப்பணி என்பது இல்லை.

பழைய வண்டிகளுக்கான அனைத்துலகச் சம்மேளனம் 2010களின் முற்பகுதியிலே ஏற்றுக்கொண்ட துரின் சாசனமும் இதனோடு பெரிதும் ஒத்துச் செல்லுகின்றது. இயன்றவரை குறைவாகத் தலையிடுக, காக்கக்கூடியதைக் காக்க, செய்த வேலையைப் பதிவு செய்க என்பன அதன் சாரம். நூதனசாலையிலே நிற்கும் வண்டிக்கு இவ்விதிகள் முற்றும் பொருந்தும். ஆயின் பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குக் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு மற்றொரு விதியும் வேண்டும். இத்தகடு பாரம் தாங்குவதா என்று முதலிற் கேட்டல் அவ்விதியாகும்.

பாரம் தாங்காத தகட்டிலே செப்பனிடுதலே மேல். கதவின் புறத்தோல், பொனட், மட்கார்ட் ஆகியவற்றில் அசல் உருக்கு எவ்வளவு எஞ்சியிருந்தாலும் அதனைக் காத்தல் தகும். தொழிற்சாலை அச்சிலே பிறந்த அவ்வளைவுகள், பிறிதோரிடத்தில் செய்த தகட்டிலே அப்படியே அமைதல் அரிது. கதவுக்கும் சட்டத்துக்கும் இடையேயுள்ள இடைவெளி ஒன்றே அவ்வேறுபாட்டைக் காட்டிக் கொடுக்கும். பிழை நேர்ந்தாலும் இழப்பது அழகு மட்டுமே. பெட்டிச் சட்டம், குறுக்குச் சட்டம், வில்லுக் கொளுவி ஆகியவற்றின் நிலை வேறு. அவற்றிலே துரு வெளியே தெரியும்போது உள்ளே மும்மடங்கு பரவியிருத்தல் கூடும். ஒட்டின் மேல் ஒட்டாகப் போட்டுக்கொண்டு போவதினும், உறுதியான உலோகம் வரை வெட்டி, முழு உறுப்பையும் மாற்றுதலே அறிவுடைமை. அவ்வாறு வெட்டுமுன் கதவுத் துவாரத்துக்குக் குறுக்கே கம்பி பற்றவைத்து உடலை நிலைநிறுத்தாவிடின், வண்டி நடுவே தொய்ந்து கதவுகள் பின் ஒருபோதும் பொருந்தமாட்டா. இங்கே பழமைப் பற்றுக் காரணமாகத் தயங்குவோர், தகட்டைக் காக்க மனிதரைப் பணயம் வைக்கின்றனர்.

மாற்றிய தகடும் காவலின்றேல் நெடுநாள் வாழாது. 1970களின் நடுவிலே போர்ஷே நிறுவனம் தன் வண்டியின் உடலை நாகமுலாம் பூசிய உருக்கினால் அமைத்தது. மின்னோட்டத்தால் வர்ணத்தை ஒவ்வோர் இடுக்கிலும் படியச்செய்யும் முறையும் அக்காலத்திலேயே செம்மை பெற்றது. அவற்றுக்கு முற்பட்ட வண்டிகளுக்கு இக்காப்பு இல்லை. ஆகவே பெட்டியின் உட்புறத்திலே மெழுகு கலந்த எண்ணெயைச் செலுத்துதல், சேறு அடைத்த வடிதுளைகளைத் திறந்து வைத்தல், கடற்கரைப் பயணத்தின் பின் மட்கார்ட்டின் உட்புறத்தை நன்னீரால் கழுவுதல் ஆகிய எளிய செயல்களே அவற்றின் ஆயுளை நீட்டிப்பன. வெளிப்புறத்தை மட்டும் மினுக்கி உட்புறத்தை மறந்தவரின் வண்டி, எத்துணை விலையுயர்ந்த புதுத் தகட்டைப் பெற்றாலும் சில கோடைகளுக்குள் முன்னிருந்த நிலையையே எய்தும்.

இத்தொழில் பழங்கதையாய்ப் போய்விட்டதென்று எண்ணியோர்க்கு அண்மைக் கால வரலாறு விடை கூறியது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, அந்நியச் செலாவணி நெருக்கடியினாலும் பெருந்தொற்றினாலும், இலங்கை அரசாங்கம் மோட்டார் வண்டி இறக்குமதியை நிறுத்தியது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி அத்தடையை மேலும் இறுக்கியது. தனியார் வண்டிகளின் இறக்குமதிக்கு 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் வழி பிறந்தது. 1960களின் கட்டுப்பாடு ஏற்படுத்திய நிலை அரைநூற்றாண்டின் பின் மறுபடி வந்தது. உள்ளதைக் கொண்டு வாழ்தல் என்பது மீண்டும் நாட்டின் தேவையாயிற்று.

தகடு எப்போதாயினும் ஒரு நாள் கிடைக்கும்; கப்பல் வரும், ஆலை இயங்கும். தகட்டின் ஒலியைக் கேட்டு நோயின் எல்லையை அறியும் செவியும், நெளியாமல் ஒட்டும் கையும் ஒரு தலைமுறை பயிலாது விட்டால் மீள்வதரிது. மாற்ற வேண்டியதை மாற்றுவதற்கும் அதே செவியும் கையுமே வேண்டும். எவ்விடம் வரை வெட்டுவது என்று அறியாதவன் புதுத் தகட்டை எங்கே பொருத்துவான்? தென்னங்கயிற்றால் கப்பல் தைத்தவர்கள் பலகையை மாற்றவும் அறிந்திருந்தனர், பழைய பலகையைப் போற்றவும் அறிந்திருந்தனர். புத்தளக் கரையிலே உவர்க்காற்று இன்னும் வீசிக்கொண்டேயிருக்கின்றது. அதனை எதிர்த்து ஒரு வண்டி எத்தனை ஆண்டு ஓடும் என்பது, உருக்கின் தடிப்பைவிட, அதனைத் தட்டிப் பார்ப்பவனின் நேர்மையையே மிகுதியும் பொறுத்ததாகும்.